உஷார்! விபத்து நடந்த காரில் உங்கள் துப்பாக்கி இருந்தால்...

அமெரிக்காவில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் ஒவ்வொருவரும் இதைப் படித்தே ஆக வேண்டும். அவர்கள் மட்டும் படித்தால் போதாது. மனைவி, கணவர், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா, ஒரே வீட்டில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் என எல்லாரும் படிக்க வேண்டும். கார் மோதிய பிறகு வரும் அந்தக் கால் மணி நேரத்தில், துப்பாக்கியை வைத்திருந்தவர் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். முடிவெடுக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்பவராக இருப்பார்.

விஷயம் இதுதான். சாலை விபத்தில் சிக்கி நீங்கள் ஆம்புலன்ஸில் ஏறினால், இடுப்பிலோ காரிலோ இருக்கும் துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். இடித்தவர் வேறொருவர், தப்பு முழுக்க அவர் மேல்தான் என்றாலும் எடுத்துக்கொள்ளும். உங்கள் லைசென்ஸ் செல்லும், துப்பாக்கி கடையில் முறைப்படி வாங்கியது, உங்களுக்கு ஒரு டிக்கெட்கூட எழுதவில்லை. அப்படியும் அது போலீஸ் அறைக்குத்தான் போகும். எடுத்துப் போக அவர்களுக்குச் சில நிமிடங்கள் போதும். திரும்ப வாங்க உங்களுக்கு வாரக்கணக்கு ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம்.

துப்பாக்கி போனால் போகட்டும், காசு நட்டம் அவ்வளவுதானே என்று நினைக்கிறீர்களா? குடும்பத்தில் ஒருவராவது விசாவில் இருந்தால் அப்படி நினைக்காதீர்கள். அதே துப்பாக்கி அவரைச் சிறைக்கும் அனுப்பும், ஊருக்கும் திருப்பி அனுப்பும்.

ரோட்டில் என்ன நடக்கிறது?

டெக்சஸில் ஒரு சிக்னலில் நிற்கிறீர்கள். பின்னால் வந்த பிக்கப் வண்டி ஓங்கி இடிக்கிறது. தோள்பட்டையை அசைக்க முடியவில்லை. பாராமெடிக் வந்து, காயத்தைப் பார்ப்பதற்காகச் சட்டையைக் கத்தரிக்கிறார். கத்தரி இடுப்புக்கு வந்ததும் கை நிற்கிறது. பெல்ட்டில் ஹோல்ஸ்டர். அவர் அதைத் தொடமாட்டார். தலையைத் திருப்பிப் போலீஸ்காரரைக் கூப்பிடுவார். குண்டு போட்ட துப்பாக்கியோடு ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்ற அவர்கள் ஒப்பமாட்டார்கள், ஆஸ்பத்திரியும் உள்ளே விடாது.

போலீஸ்காரர் துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலிருந்து உருவி, மேகசினைக் கழற்றுவார். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறைக்குள் இருக்கும் ஒற்றைத் தோட்டாவை வெளியே தள்ளுவார். சீரியல் நம்பரை ரேடியோவில் படித்து, திருட்டுத் துப்பாக்கியா என்று கேட்பார். இல்லை என்று பதில் வந்தாலும் அதைத் திருப்பி வைக்க உங்கள் இடுப்பு அங்கே இருக்காது, ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கும். ஆகவே அது ஒரு பையிலோ பெட்டியிலோ போய், சீட்டு ஒட்டப்பட்டு, பேட்ரோல் காரின் டிரங்குக்குள் போகும்.

டெக்சஸ் சட்டத்திலேயே இதற்கு ஒரு விதி இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவரிடமிருந்து பாதுகாப்புக்காகத் துப்பாக்கியை வாங்கி வைக்கப் போலீஸ்காரருக்கு உரிமை உண்டு. ஆபத்து ஏதும் இல்லை, குற்றம் ஏதும் இல்லை என்றால், உங்களை அந்த இடத்திலிருந்து அனுப்பும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படிக்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பாதுகாப்பு ரோட்டோரம் காலூன்றி நிற்பவருக்குத்தான் முழுசாகப் பயன்படும். மயங்கிக் கிடப்பவரிடம், அவசர சிகிச்சைக்குப் போகிறவரிடம் யார் எதைத் திருப்பிக் கொடுப்பது?

எடுத்தது சட்டப்படி சரியா?

பெரும்பாலும் சரி. போலீஸ் இப்படி எடுக்கலாம் என்ற நியாயம் தொடங்கியதே ஒரு சாலை விபத்தில்தான், அதுவும் காணாமல் போன ஒரு துப்பாக்கியைத் தேடிப் போனதில்.

1969 செப்டம்பரில், விஸ்கான்சின் மாநிலத்தில், டோம்ப்ரோவ்ஸ்கி என்ற சிகாகோ போலீஸ்காரர் குடித்துவிட்டு வாடகைக் காரை மோதினார். சிகாகோ போலீஸ்காரர் என்றால் சர்வீஸ் ரிவால்வர் எப்போதும் கூடவே இருக்கும் என்று உள்ளூர் போலீஸ் நினைத்தது. அவர் உடம்பில் இல்லை. காரை ஒரு தனியார் கேரேஜுக்கு இழுத்துப் போய் நிறுத்தியிருந்தார்கள், அங்கே காவலுக்கு ஆளில்லை. ரிவால்வர் யார் கையிலாவது சிக்கிவிடக் கூடாதே என்று, வாரண்ட் இல்லாமலே காரைச் சோதித்து டிரங்கையும் திறந்தார்கள். உள்ளே ரத்தக் கறை படிந்த பொருட்கள் கிடைத்தன. விபத்தில் தொடங்கிய விவகாரம் கொலைக் குற்றத்துக்கான தண்டனையில் முடிந்தது. 1973-இல் சுப்ரீம் கோர்ட், 5-க்கு 4 என்ற கணக்கில், அந்தச் சோதனை செல்லும் என்று சொன்னது. குற்றம் துப்பறிவதோடு சம்பந்தமில்லாத, பொதுமக்களைக் காக்கும் கடமையும் போலீஸுக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். விபத்து நடந்த காரிலிருந்து இன்றைக்குப் போலீஸ் துப்பாக்கியை எடுக்கும்போது முதலில் கைகாட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

பிறகு 1976-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. போலீஸ் பொறுப்பில் இழுத்துச் செல்லப்படும் காருக்குள் என்னென்ன இருக்கிறது என்று வழக்கமான முறைப்படி பட்டியல் எடுக்கலாம், அதற்கு வாரண்ட் தேவையில்லை என்றது அது. 1987-இல், மூடிக் கிடக்கும் பையையும் அந்தப் பட்டியலுக்காகத் திறக்கலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே க்ளோவ் பாக்ஸில் வைத்தேன், சீட்டுக்கு அடியில் வைத்தேன், முதுகுப் பைக்குள் வைத்தேன் என்பதெல்லாம் இழுத்துச் செல்லப்படும் காரில் மறைவிடமே இல்லை.

வீட்டுக்கு மட்டும் கோர்ட் வேலி போட்டிருக்கிறது. ரோட் ஐலண்டில் கனீலியா என்பவரை மனநலப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, போலீஸ் அவர் வீட்டுக்குள் போய் இரண்டு கைத்துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டது. 2021-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, காருக்குச் சொன்ன அந்த நியாயத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்றார்கள். வீட்டில் இருந்தால் உங்களுக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, காரில் ஏற்றிய உடனே குறைந்துபோகிறது. இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

துப்பாக்கியோடு ஒட்டிய சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்று எழுதினார்களா, சாட்சியப் பொருள் என்று எழுதினார்களா? உங்கள் தலையெழுத்து பாதி அங்கேதான்.

பாதுகாப்புக்காக என்றால், உரிமையாளர் வந்து ஆவணம் காட்டி வாங்கிப் போகலாம் என்று பொருள். சாட்சியப் பொருள் என்றால், வழக்கு முடியும்வரை அது நகராது. அரசு வக்கீல் கையெழுத்து வேண்டும், சில வேளை நீதிபதியின் உத்தரவே வேண்டும்.

பாதுகாப்பு எப்போது சாட்சியமாக மாறும்? முதல் காரணம் மது. டின்னரில் குடித்த இரண்டு கிளாஸ், விபத்துக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையில் சட்ட வரம்பைத் தாண்டியிருந்தால், பல மாநிலங்களில் போதையில் காரோட்டியது ஒரு குற்றம், போதையில் துப்பாக்கியை இடுப்பில் வைத்திருந்தது இன்னொரு குற்றம். இரண்டாவது காரணம், மோதிய பிறகு ரோட்டில் நடந்த வாய்ச்சண்டை. எதிராளி 911-க்குக் கூப்பிட்டு, "அவன் துப்பாக்கியைக் காட்டினான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நீங்கள் சட்டையை மட்டும்தான் சரிசெய்தீர்கள் என்பதை நிரூபிக்க மாதங்கள் ஆகும். மோதினால் வண்டிக்குள்ளேயே இருங்கள், கோபத்தில் இறங்காதீர்கள், கை இடுப்புப் பக்கம் போகவே கூடாது.

திரும்ப வாங்குவது உங்கள் பாடு

போலீஸே போன் செய்து "வந்து வாங்கிப் போங்கள்" என்று சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். 1999-இல் கலிபோர்னியாவின் வெஸ்ட் கொவீனா நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதைக் கேளுங்கள். பொருளை எடுத்தோம் என்று உரிமையாளருக்குத் தெரிவிப்பது போலீஸின் கடமை. திரும்ப வாங்க எங்கே போக வேண்டும், எந்த மனு போட வேண்டும் என்று சொல்லித்தருவது அரசியல் சட்டப்படி அவர்கள் கடமை அல்ல, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள் என்பதுதான் நிலை. இத்தனைக்கும் அந்த வழக்கில் பொருளைப் பறிகொடுத்த குடும்பத்தார் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் வீட்டில் முன்பு குடியிருந்த ஒருவரைத் தேடித்தான் போலீஸ் வந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. கலிபோர்னியாவில் போலீஸ் கையில் இருக்கும் துப்பாக்கியைக் கேட்க, முதலில் மாநில நீதித்துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும். நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவரா என்று அவர்கள் மறுபடி முதலிலிருந்து சோதிப்பார்கள். தகுதிக் கடிதம் வந்ததும் 30 நாளுக்குள் போய் வாங்க வேண்டும், தவறினால் மறுபடி விண்ணப்பம். வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்து 180 நாள் தாண்டினால், அதற்கு மேல் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் போலீஸுக்கு இல்லை. அழித்துவிடவும் செய்யலாம். அறிவிப்பு போன முகவரி நீங்கள் போன வருடம் காலி செய்த அபார்ட்மென்ட் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டெக்சஸில் துப்பாக்கிக்கு மாநிலப் பதிவேடு கிடையாது. அது சுதந்திரம் என்று பலரும் சொல்வார்கள். எடுத்த பொருட்களைப் போலீஸ் வைத்திருக்கும் ப்ராப்பர்ட்டி ரூமின் ஜன்னல் முன்னால் நிற்கும்போது அதுவே சங்கடம். "இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று உள்ளே இருப்பவர் கேட்டால், கடை பில் ஒன்றுதான் பேசும். நண்பரிடம் கைமாற்றாக வாங்கியது, மாமனார் பரிசாகக் கொடுத்தது என்றால் பில்லுக்கு எங்கே போவீர்கள்?

அந்த ஜன்னலும் எப்போதும் திறந்திருக்காது. பல ஊர்களில் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் போக முடியும். அரசு அடையாள அட்டை, பில், கேஸ் நம்பர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். சில இடங்களில் பூட்டக்கூடிய பெட்டி கொண்டு வரச் சொல்வார்கள், தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்த்துத் தரமாட்டார்கள். இதெல்லாம் தெரியாமல் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

"வழக்கே இல்லையே, எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். இதில் நாட்டின் கோர்ட்டுகளே ஒருமித்துப் பேசவில்லை. எடுக்கும்போது நியாயம் இருந்தால் போதும், பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் குறுக்கே வராது என்று சிகாகோவை உள்ளடக்கிய ஏழாவது வட்டார அப்பீல் கோர்ட் 2003-இல் சொன்னது. வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நியாயம் வேண்டும் என்று வாஷிங்டன் டி.சி. அப்பீல் கோர்ட் 2024-இல் சொன்னது. பென்சில்வேனியாவில் ஒரு கொலையாளியின் பெற்றோரிடமிருந்து மாநிலப் போலீஸ் 40-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை எடுத்துப் போனது. மகனுடைய வழக்கும் அப்பீலும் முடிந்த பிறகும் திருப்பித் தரவில்லை. பெற்றோர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வைக்கவே அவர்கள் 2022 வரை அப்பீல் கோர்ட்டில் போராட வேண்டியிருந்தது. நீங்கள் எந்த மாநிலத்தில் மோதினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் உரிமையின் நீளம்.

விசாவில் இருப்பவர்களே, கையை நீட்டாதீர்கள்!

இப்போது மிகப் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் இது தெரியாதவர்கள்தான் அதிகம் என்று அஞ்சுகிறேன்.

கணவர் சிட்டிசன். மனைவி எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார், கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. விபத்து நடந்த இடத்துக்கு அவர் ஓடி வருகிறார். கணவர் ஸ்ட்ரெச்சரில். போலீஸ்காரர் நல்ல மனிதர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "இதை மனைவியிடம் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்கிறார். வலியோடு கணவர் சொல்கிறார்: "நீ வாங்கி வச்சுக்கோம்மா, வீட்டுக்குக் கொண்டு போயிடு." அவரும் "சரிங்க" என்று கையை நீட்டுகிறார்.

அந்தக் கை நீண்டிருக்கவே கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பெற்றோர் வரும் பி-2 விசிட்டர் விசா என எந்தத் தற்காலிக விசாவில் வந்தவரும் துப்பாக்கியையோ ஒரு தோட்டாவையோகூட வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 2022 ஜூனில் வந்த சட்டத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு.

வைத்திருப்பது என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமே என்று எண்ண வேண்டாம். துப்பாக்கி அங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதை எடுத்து ஆளும் நிலையில் இருந்தாலே, வைத்திருந்ததாக அரசு வக்கீல் வாதாட இடமிருக்கிறது. ஆகவே கணவரின் துப்பாக்கி க்ளோவ் பாக்ஸில் இருக்கிறது என்று தெரிந்தே, விசாவில் இருக்கும் மனைவி அந்தக் காரில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போனால், அன்று நடக்கும் சின்ன உரசல்கூடப் பெரிய வழக்காகலாம்.

ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுட்டாலும் இதே கதைதான். ஊரிலிருந்து வந்த அப்பாவை ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அம்மா, தயவுசெய்து வேண்டாம். எமிரேட்ஸிலிருந்து மாணவர் விசாவில் வந்து, புளோரிடாவில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் தங்கியிருந்த ரெஹைஃப் என்பவர் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அதற்காக 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி அவர் தண்டனையைத் தள்ளியது உண்மை. ஆனால் அந்த வரிக்காக அவர் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. தவிர, தான் எச்-1பி-யில் இருப்பது தெரியாது என்று நம்மில் யார் சொல்ல முடியும்?

கிரீன் கார்டு கையில் இருக்கிறது, எனக்கு என்ன என்பவர்களும் உஷார். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி வைத்திருந்தது, கொண்டு போனது தொடர்பாக ஏதாவது ஒரு சட்டத்தை மீறியதாகத் தண்டனை ஆனால், குடியேற்றச் சட்டப்படி அவர் நாடு கடத்தப்படக் கூடியவர். சிட்டிசன் ஒருவர் அபராதம் கட்டிவிட்டு மறந்துபோகும் சின்னக் குற்றம், கிரீன் கார்டுக்காரரின் இருபது வருட வாழ்க்கையைக் கலைத்துவிடலாம். "ஒப்புக்கொண்டால் ஃபைனோடு முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லை தாண்டினால் லைசென்ஸ் வெறும் அட்டை

ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லாது. 2013-இல், பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த பிலடெல்பியா பெண் ஒருவரை நியூஜெர்சியில் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே நேர்மையாகச் சொன்னார். அங்கேயே கைது. குழந்தைகளின் தாயான அவர் பல ஆண்டு சிறையை எதிர்நோக்கி நின்றார். பெரிய எதிர்ப்புக்குப் பிறகே வழக்கு தளர்ந்தது, 2015-இல் கவர்னர் மன்னிப்பு வழங்கினார். எல்லாருக்கும் கவர்னர் கிடைக்கமாட்டார். நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் பொங்கலுக்குக் காரில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

வழியில் இருக்கும் மாநிலங்களைக் கடந்து போக 1986-இல் வந்த மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். குண்டு கழற்றியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாத டிரங்கில் இருக்க வேண்டும். தனி டிரங்க் இல்லாத எஸ்.யூ.வி., மினிவேன் என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். க்ளோவ் பாக்ஸும் நடுப்பெட்டியும் இதில் சேராது.

ஆனால் வழியில் பயணம் தடைப்பட்டால்? 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஒரு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் முறைப்படி துப்பாக்கியை அறிவித்தார், கைதானார். ஓட்டலில் அது அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் அந்தச் சட்டம் காப்பாற்றாது என்று 2010-இல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. விபத்தில் கார் நசுங்கி, டோ டிரக் அதை இழுத்துப் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஓட்டலில் அறை எடுக்கும் ஒரு குடும்பத்தின் நிலையும் கிட்டத்தட்ட இதுதானே?

போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் வரும்போது

2016 ஜூலை 6. மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்பவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பதை அவரே போலீஸ்காரரிடம் சொன்னார். அடுத்த சில விநாடிகளில் ஏழு குண்டுகள். சுட்டவர் மறு ஆண்டு விடுதலையானார். நம் நிறத்தவர்கள் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது.

மிச்சிகனில், நிறுத்தப்பட்டதும் உடனே சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதமும் ஆறு மாத லைசென்ஸ் நிறுத்தமும். வட கரோலினாவிலும் தானாகச் சொல்ல வேண்டும். டெக்சஸில் அடையாள அட்டை கேட்கும்போது துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே இருந்தாலும் முறை ஒன்றுதான். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். முதலில் லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லுங்கள், பிறகு துப்பாக்கி எங்கே என்று சொல்லுங்கள், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருங்கள். எடுத்துக் காட்டப் போகாதீர்கள். அவரே எடுக்கட்டும்.

இன்றைக்கே செய்து வையுங்கள்

சீரியல் நம்பர் தெரியும்படி துப்பாக்கியைப் படமெடுங்கள். கடை பில்லையும் படமெடுங்கள். இரண்டும் போனில் மட்டும் இருந்தால் போதாது, போன் விபத்தில் நொறுங்கலாம். வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

லைசென்ஸிலும் டிரைவிங் லைசென்ஸிலும் இன்றைய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்தால் தகராறு செய்யாதீர்கள். அதிகாரியின் பெயர், பேட்ஜ் நம்பர், கேஸ் நம்பர், ரசீது நான்கையும் கேளுங்கள். எந்த ஏஜென்சி என்றும் கேளுங்கள். ஒரே விபத்துக்கு நகரப் போலீஸ், ஷெரிஃப், மாநில ட்ரூப்பர் மூவரும் வரலாம். யாரிடம் போனது என்று தெரியாமல் மூன்று அலுவலகம் ஏறி இறங்குவது கொடுமை.

காரில் துப்பாக்கி இருக்க, கார் மட்டும் டோ யார்டுக்குப் போகிறதென்றால் வாய்மூடி இருக்காதீர்கள். யார்டில் காணாமல் போனால், திருட்டுத் துப்பாக்கியின் கடைசி உரிமையாளர் நீங்கள்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ப்ராப்பர்ட்டி ரூமுக்கு எழுத்தில் கேளுங்கள்: பாதுகாப்புக்காகவா, சாட்சியமாகவா, விடுவிக்க என்ன வேண்டும்? போனில் பேசியதை மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள்.

விபத்தில் யாராவது இறந்தாலோ, பலத்த காயம் பட்டாலோ, மது சம்பந்தப்பட்டாலோ, பெயர், லைசென்ஸ், இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டு, வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

விசாவில் இருக்கும் யாரும் துப்பாக்கியை வாங்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். போலீஸ் கேட்டால் ஒரே பதில்: "சட்டப்படி நான் இதைத் தொடக் கூடாது, நீங்களே வைத்திருங்கள்." அந்த நேரத்தில் துப்பாக்கி போலீஸ் அறையில் இருப்பதுதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. வீட்டுப் பெட்டகத்தின் சாவியும் ரகசிய எண்ணும்கூட அவர்களிடம் இருக்கக் கூடாது.

கடைசியாக, மூன்று கேள்விகள். உங்கள் காரை உங்களைத் தவிர யார் ஓட்டுகிறார்கள், அவர்கள் எந்த விசாவில் இருக்கிறார்கள்? நீங்கள் ஓட்டிப்போகும் மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் செல்லுமா? துப்பாக்கி உங்களுடையது என்று நிரூபிக்கும் காகிதம் எங்கே இருக்கிறது? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும், பதில் தெரியும்வரை துப்பாக்கியைக் காரில் ஏற்றாதீர்கள்.